குருவிகள் குடியிருக்கும் இரண்டு மாடிகள்

உட்புறக் கட்டடக்கலையில் முதுகலை படிக்கச் சேர்ந்த முதல் பருவத்தில் விரிவுரையாளர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். யாராவது வாழ்கிற ஓர் இடத்தின் உட்புறத்தை அளந்து வரைய வேண்டும். ஒவ்வோர் அளவும் அங்கே வாழ்பவருக்கு எப்படிப் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். மற்ற மாணவர்கள் கோலாலம்பூரிலேயே ஹோட்டல் அறை, அடுக்குமாடி கொண்டோ வீடு என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. வார இறுதியில் கோல சிலாங்கூருக்கு, வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே சந்தையில் என் பள்ளித் தோழியைப் பார்த்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவள் தஞ்சோங் காராங்கில் ஒரு சீன முதலாளியின் குருவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அது மூன்று மாடிக் கடைவீடு. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. மேலே இரண்டு மாடிகளும் வாலிட் குருவிகளுக்கு. எச்சிலால் கூடு கட்டுகிற சின்னக் குருவி அது. அந்தக் கூட்டைத்தான் சூப் வைத்துக் குடிக்கிறார்கள்.

நான் படிப்பைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள்.

"மனுசனுக்கு ரூம் கட்டுறது லேசு லா. புடிக்கலனா வாயத் தொறந்து சொல்லுவான். குருவி சொல்லாது. பேசாம போயிரும்."

அந்த ஒரு பேச்சில் என் கட்டடம் முடிவாகிவிட்டது.

மறுநாள் பிற்பகல், குருவிகள் இரை தேடி வயல் பக்கம் போயிருந்த நேரத்தில் மங்கலான டார்ச்சோடு உள்ளே நுழைந்தோம். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. சுவரில் வளைந்த குழாய்கள் வழியே காற்று வருகிறது, வெளிச்சம் வருவதில்லை. தரையில் ஆழமில்லாத தொட்டிகளில் தண்ணீர். மேல்தளத்தின் நடுவே, குருவிகளின் கீழ் மாடிக்கு ஒரு பெரிய திறப்பு. உட்கூரை முழுக்க வர்ணம் பூசாத சொரசொரப்பான பலகைகள், கட்டம் கட்டமாக. பலகைகள் சந்திக்கும் மூலைகளிலெல்லாம் வெள்ளைக் கிண்ணத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல் கூடுகள். எச்சத்தின் காரநெடி மூக்கில் ஏறியது. நான் லேசர் அளவுக் கருவியை எடுத்தேன்.

"அந்த செவப்பு லைட்ட மேல காட்டாத. குஞ்சு இருக்கு."

கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு நாடாவால் அளந்தோம். அவள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்து எழுதினேன். நான் பின்னால் நகர்ந்தபோது, "ஏய், நில்லுடி!" என்று கத்தினாள். என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, இறகு முளைக்காத குஞ்சு ஒன்று தரையில் கிடந்தது. உயிர் இருந்தது. அதைக் கையில் ஏந்தி அண்ணாந்து பார்த்தாள். நேர் மேலே இருந்த கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. ஏணியை நகர்த்தி ஏறி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ஏத்துக்குமா?" என்றேன்.

"தெரியல. தாய் வந்தாத்தான் தெரியும்."

வேலை முடிந்தும் எனக்குக் கிளம்ப மனமில்லை. இருக்கலாமா என்று கேட்டேன். டார்ச்சை அணைத்துவிட்டு, சுவரோரம் அசையாமல் உட்காரச் சொன்னாள். பொழுது சாயும் நேரம். சுவரின் உச்சியில் இருந்த நுழைவுத் துளை மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

முதலில் ஒன்று வந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. துளையே அடைபட்டதுபோல் கறுத்தது. அறை முழுக்க 'டிக் டிக் டிக்' என்று நகம் சொடுக்குவதுபோல் சத்தம். கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த இருட்டில், தாங்கள் எழுப்பும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டே அவை வழி கண்டுகொள்கின்றன. என் முகத்துக்கு நேராக இறக்கைக் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றுகூட என்மேல் மோதவில்லை. பிற்பகல் முழுக்க நாங்கள் இருவர் தட்டுத்தடுமாறி அளந்த அறையை, அவை ஒரு மூச்சில் அளந்து தத்தம் மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. எப்போது தோழியின் கையைப் பிடித்தேன் என்று தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து அவள் படம் அனுப்பினாள். கூட்டில் இரண்டு குஞ்சுகள், இரண்டும் வாய் பிளந்தபடி.

ஆனால் என் வரைபடத்தைப் பார்த்த விரிவுரையாளர் உதட்டைப் பிதுக்கினார். "சுவர் இருக்கிறது, பலகை இருக்கிறது. குடியிருப்பவர் எங்கே?" என்றார். கூடுகளைக் காட்டினேன். "அது படுக்கை. அவை வாழ்வது எங்கே?" என்று மறுபடி கேட்டார். ஒரு வாரம் அவகாசம் தந்தார்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு தோழியிடமே போனேன். பட்டறைக்கு முன்னால் இருந்த மேசையில் விரித்து, பென்சிலை நீட்டினேன்.

"எந்த வழியா பறக்குதுன்னு போட்டுக் காட்டுறியா?"

"எனக்கு டிராயிங்லாம் வராது லா."

"கோடு மட்டும் போடு."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்தாள். துளையில் தொடங்கி, பெரிய வளைவாகச் சுற்றி, தளத்தில் இருந்த திறப்பு வழியே கீழ் மாடிக்கு இறங்கி, மறுபடி எழும்பி, மூலையில் போய் நின்றது கோடு. நான் வெறும் வெள்ளையாக விட்டிருந்த இடமெல்லாம் சட்டென்று நிறைந்துவிட்டது. தளத்தில் ஏன் அவ்வளவு பெரிய திறப்பு, ஏன் நடுவில் ஒரு தூண்கூட இல்லை என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தக் கோட்டை அழிக்காமல் அப்படியே கொண்டுபோய் வைத்தேன். விரிவுரையாளர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கோடு உன்னுடையது இல்லை," என்றார்.

"இல்லை. அங்கே வேலை செய்கிற என் தோழி போட்டது."

"அவர் பெயரையும் எழுது," என்று பேனாவை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"முழுப் பேரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முழுப் பேரும்."

"எங்கப்பா பேருமா?"

"அதுவும்தான்டி."