பெட்ரோல் மூடியில் காய்ந்த சந்தனம்

என் பட்டறை மேசையின் இழுப்பறையில் ஒரு பெட்ரோல் டேங்க் மூடி கிடக்கிறது. நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதை அடைத்துக்கொண்டு காய்ந்த சந்தனம். யாரையும் அதைத் துடைக்க விட்டதில்லை. போன வாரம் என் பழைய போர்மேனின் மகன் பெரம்பலூருக்கே என்னைத் தேடி வந்து, அப்பா தவறிவிட்டார், காரியத்துக்கு வர வேண்டும் என்றான். வர மாட்டேன் என்றேன். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாதாம். எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி முதலாளியின் வண்டி ஷெட்டில் நான் மெக்கானிக். எனக்கு மேலே போர்மேன். அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் நான் பார்த்ததில்லை. வேலை செய்தால்தானே படும்! முதலாளிக்கு ரேஸ் பைத்தியம். இரட்டைக் கார்புரேட்டர் வைத்த சிவப்புக் கார் ஒன்றை மெட்ராஸிலிருந்து வாங்கி வந்திருந்தார். அவரைத் தவிர அதை ஓட்ட அனுமதி பெற்ற ஒரே ஆள், லப்பைக்குடிகாட்டு டிரைவர் பாய். பாய்க்குச் சவுதியில் வேலை தயாராக இருந்தது. யோக்கியமான டிரைவர் என்று முதலாளி எழுதிக் கொடுக்கும் கடிதம் ஒன்றுதான் பாக்கி. தன் மச்சானுக்கும் ஒரு விசா பிடித்துத் தரச் சொல்லிப் போர்மேன் கேட்டிருந்தார். அது என் கையிலா இருக்கு என்று பாய் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து போர்மேன் கறுவிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுநாளே கார் தகராறு பண்ண ஆரம்பித்தது. கிளம்பும்போது ஒரு குறையும் தெரியாது. பத்து மைல் தாண்டியதும் மிஸ்ஸிங். ஆக்சிலேட்டரை மிதித்தால் பாயாது. விக்கும், திணறும், படபடவென்று வெடித்து நின்றுவிடும். பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன், பாயின்ட் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், இரண்டு கார்புரேட்டரையும் பிரித்து ஜெட்டை ஊதினேன். ஒன்றும் சரிப்படவில்லை. போர்மேன் வந்து டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "சீமெண்ணெய் வாடை அடிக்குதுடா. பாய் பெட்ரோல உறிஞ்சி வித்துட்டு சீமெண்ணெய ஊத்துறான்." மூடியைத் திரும்பப் போட்டு ஓட்டச் சொன்னார். கார் ஒழுங்காக ஓடியது. "பாத்தியா, நான் கை வெச்சதும் திருட்டு வண்டி திருந்திடுச்சு!" என்று இளித்தார். மூன்று நாள் இதே கூத்து.

நாலாவது நாள் பாயோடு நானும் ஏறிக்கொண்டேன். குன்னம் தாண்டியதும் விக்க ஆரம்பித்தது. பாய் ஓரங்கட்டினார். "அல்லா அறிய ஒரு சொட்டு எடுக்கலை தம்பி. திருட்டுப் பட்டத்தோட நான் எந்த ஊருக்குப் போறது?" என்றார். வேறு வழி தெரியாமல், போர்மேன் செய்ததையே நானும் செய்து பார்த்தேன். மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடச்சே! பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். மூடியில் துளை இருப்பதே அதற்குத்தான். துளை அடைபட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் வராது. போர்மேன் மோந்து பார்க்கத் திறந்தபோதெல்லாம் காற்று போயிருக்கிறது, கார் ஓடியிருக்கிறது. துளையை அடைத்திருந்தது பூஜைச் சந்தனம். அன்றைக்குச் சந்தனக் கிண்ணத்தை யார் கையிலும் கொடுக்காமல், ஷெட்டில் ஒரு ஸ்பேனர் விடாமல் பொட்டு வைத்தவர் சாட்சாத் போர்மேன்தான். இந்த மூடிக்கும் மோதிர விரலால் அழுத்தி வைத்தார். நான் பக்கத்தில் சாம்பிராணியோடு நின்றேன்.

திரும்பி வந்து முதலாளியிடம் மூடியைக் காட்டி விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பூஜையன்று அவர் ஊரில் இல்லை. "சரி, இத யாரு அடைச்சது?" என்றார். போர்மேன் முந்திக்கொண்டார். "வேற யாரு சார், பாய்தான். வண்டி வழியில நின்னாத்தானே பெட்ரோல் எடுக்கத் தோது? சாமி சந்தனத்தையே எடுத்து அடைச்சிருக்கான் பாருங்க." பாவி! கொஞ்சமும் கூசாமல் அதே கையை நீட்டிச் சொன்னார். கடிதம் கிடைக்கவில்லை. பாய் சாவியை மேசைமேல் வைத்தார். "போயிட்டு வரேன் தம்பி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சவுதிக்கு அவர் போகவே இல்லை. திருமழபாடிப் பக்கம் கொள்ளிடத்தில் மணல் அள்ளுகிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஸ்டீயரிங் பிடித்த கை அது.

இவ்வளவையும் போன வாரம் அந்த மகனிடம் கொட்டித் தீர்த்தேன். இழுப்பறையைத் திறந்து மூடியை அவன் முன்னால் வைத்தேன். "உங்கப்பன் வெச்ச பொட்டு. நல்லாப் பாத்துக்க" என்றேன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரட்டும் என்றும் இருந்தது. அவன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மரியாதையாகத்தான் கேட்டான்.

"அப்பாதான் வெச்சாங்கன்னு நீங்க அப்பவே முதலாளிகிட்ட சொல்லலீங்களா?"

முதலாளி அன்று என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். போர்மேன் பேசி முடித்த பிறகும் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த மூடியைப் பார்த்தபடி நின்றேன்.

அவனிடமிருந்து மூடியை வாங்கி இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினேன்.

"காரியம் என்னைக்குன்னு சொன்ன?" என்று கேட்டேன்.