பேசாலையில் ஏறிய சத்தம்

வெள்ளிக்கிழமை காலை 6.20க்கு வவுனியாவில் இருந்து வானை எடுத்தேன். பாடசாலை விடுமுறையின் கடைசி மூன்று நாட்கள். மற்ற நாட்களில் இந்த வான் பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கும். பெற்றோலில் ஓடும் பழைய வான். மீற்றரில் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர். அதில் கடைசி இரண்டு லட்சமும் நான் ஓட்டியது. இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் வானைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு விற்கச் சொல்வார்கள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. என்னையும் சேர்த்து விற்கச் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்லது.

மன்னார் பட்டணம் எண்பது கிலோமீற்றர். பறையனாலங்குளம் வரை காடு. முருங்கனில் வயல். அங்கே ஒரு பிளேன்ரீ ஐம்பது ரூபாவுக்குக் குடித்தேன், சீனி அதிகம். அதன் பிறகு மரங்கள் குட்டையாகிக்கொண்டே போய், ஒன்றும் இல்லாத வெளியில், கடலுக்குக் குறுக்கே மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதி ரோட்டு தொடங்குகிறது. இரண்டு பக்கமும் கடல். காற்று வானைப் பக்கவாட்டில் தள்ளியது. பட்டணத்துக்குள் நுழைந்தால் கழுதைகள் ரோட்டின் நடுவில் நிற்கின்றன. ஹோர்ன் அடித்தேன். ஒன்றுகூட அசையவில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

அங்கிருந்து பேசாலை இன்னும் பதினாறு கிலோமீற்றர். என் தங்கை கலா அங்கேதான் கலியாணம் முடித்திருக்கிறாள். அவளுடைய புருஷன் ஜூட், சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்கிறவன். நான் போய் இறங்கியதும் என் பையைப் பிடுங்கினான். பையில் அரிசி இருந்தது. எங்கே போனாலும் என் சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோவேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு எனக்குத் தெரியும், நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சனிக்கிழமை, காலை 7 மணி. முள்ளிக்குளத்துக்குப் புறப்பட்டேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்து வவுனியாவில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த றெஜினா அங்கே திரும்பிப் போய்விட்டாள். வா வா என்று கூப்பிட்டுக் களைத்துவிட்டாள். ஜூட் கேட்காமலே முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தான்.

"தனிய அந்த ரோட்டால போகாதேங்கோ அக்கா."

"நான் எப்ப சோடியாப் போனனான்?"

அவன் இறங்கவில்லை. வானும் லேசில் ஸ்ராட் ஆகவில்லை, மூன்றாம் முறைதான் பிடித்தது. ஊரைத் தாண்டி மூன்றாவது கியரில் அழுத்தியபோது சத்தம் வந்தது. தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டு ஆட்டியது போல ஒரு சத்தம், இஞ்சினுக்குள் இருந்து.

"இது என்ன சத்தம்?"

"எது அக்கா?"

"காது அடைச்சுப் போச்சோ?"

"காத்தாக்கும்."

காற்று மூன்றாவது கியரில் மட்டும் அடிக்காது. காலை எடுத்தேன், சத்தம் நின்றது. மிதித்தேன், வந்தது. நேற்று தொண்ணூற்றாறு கிலோமீற்றரும் மௌனமாக வந்த வான்.

7.50. மன்னார் பட்டணத்தில் கண்ணில் பட்ட முதல் கராஜில் நிறுத்தினேன். அங்கே இருந்தவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மீற்றரைப் பார்த்தார். பிறகு பின்னால் போய் நின்று இடுப்பில் கைவைத்தார்.

"நாலு லட்சமோ! பெயரிங் தேஞ்சு போட்டுது அம்மா. இஞ்சின இறக்கோணும். கிராங்க லேத்தில கடையக் குடுக்கோணும்."

"எத்தினை நாள்?"

"சாமான் கொழும்பால வரோணும். மூண்டு கிழமை எண்டு வையுங்கோ."

"தம்பி, நீர் இன்னும் பொனற்றே திறக்கேல்ல."

அவர் என்னை விட்டுவிட்டு ஜூட்டைப் பார்த்தார். "அண்ணன், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கோ."

வான் என்னுடையது. லைசன்ஸ் என்னுடையது. ஜூட்டுக்குச் சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே எடுத்தேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆனால் மனதுக்குள் நாட்களை எண்ணத் தொடங்கினேன். திங்கட்கிழமை பாடசாலை தொடங்குகிறது. எங்கள் பகுதியில் இன்னொரு வான் என் பிள்ளைகளை எடுக்கக் காத்துக்கொண்டு நிற்கிறது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், எந்தத் தாயும் பொறுக்க மாட்டாள். நானும் தாயாக இருந்தால் பொறுக்க மாட்டேன். போன பிள்ளைகள் திரும்பி வராதுகள். எனக்குச் சோறு போடுவது இந்த வான் மட்டும்தான்.

திரும்பி வவுனியாவுக்கு ஓடலாமா என்று யோசித்தேன். அந்த ஆள் சொன்னது உண்மையானால், எண்பது கிலோமீற்றரில் ஏதாவது ஓரிடத்தில் இஞ்சின் வெடித்து நிற்கும். ஜூட் மெதுவாகச் சொன்னான்.

"சிலாவத்துறையில நஸீர் எண்டு ஒருத்தன் இருக்கிறான் அக்கா. போட் இஞ்சின்தான் செய்யிறவன். ஆனா வாகனமும் பாப்பான்."

"எத்தினை கிலோமீற்றர்?"

"முப்பத்தஞ்சு வரும். போற வழிதானே."

நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். தாம்போதியைக் கடந்து தெற்கே திரும்பினால் வங்காலை, பிறகு அச்சங்குளம். வெறும் வெளி, உடைமரம், நடுவில் திடீரென்று ஒரு வயல். வலது கைப்பக்கம் எங்கோ கடல் இருக்கிறது, வாசம் மட்டும் வரும். இந்தப் பாதையை ரசிக்க வந்தவள் நான். ஒரு கொக்கைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை, காது முழுக்க இஞ்சினில். சமதரையில் மெதுவாக மிதித்தால் சத்தம் இல்லை. அரிப்புக்குக் கிட்ட அருவியாற்றுப் பாலத்தில் ஏறும்போது வானே நொறுங்குகிற மாதிரி அடித்தது. உச்சியில் காலை எடுத்தேன், உடனே நின்றது. நாலு லட்சம் ஓடித் தேய்ந்த இரும்பு இப்படிச் சொன்னபடி கேட்குமா? எனக்குக் கணக்குச் சரிவரவில்லை.

ஜூட் ஒவ்வொரு மாதா கோவிலையும் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஆருக்கு மன்றாடுறாய்? எனக்கோ வானுக்கோ?"

அவன் திரும்பவும் சிலுவை போட்டான். வழக்கமாக வாய் மூடாதவன்.

10.05. சிலாவத்துறை. நஸீருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தகரக் கொட்டிலில் ஒரு படகு இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். "பொறுங்கோ அக்கா" என்றார், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இருபது நிமிடம் பொறுத்தேன். எனக்கு அது பெரிய காரியம்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து மீற்றரைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நாலு லட்சமா!" பாராட்டு மாதிரிச் சொன்னார். பிறகு கேட்டார், "சத்தம் எப்ப தொடங்கின?"

"இண்டைக்குக் காலமை."

"நேத்து?"

"ஒரு சத்தமும் இல்ல."

"ஒரு ராவுல பெயரிங் போகாது அக்கா. அது மாசக்கணக்கா முனகிட்டுத்தான் போகும்."

இஞ்சினை ஓட விட்டார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு அமர்த்தி, ஒவ்வொரு இடமாகக் கேட்டார். எண்ணெய்க் கம்பியை உருவி, எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் பிடித்தார். இரும்புத் தூள் மினுங்கவில்லை. பிறகு பக்கத்தில் ஏறி உட்கார்ந்து என்னை ஓட்டச் சொன்னார். "மிதிங்கோ. இப்ப விடுங்கோ. திரும்ப மிதிங்கோ."

திரும்பி வந்து நிறுத்தியபோது சொன்னார். "பெயரிங் எண்டா கீழே இருந்து டொக்கு டொக்கெண்டு குத்தும், காலை எடுத்தாலும் குத்தும். இது மேல. உள்ளுக்க நெருப்புப் பிழையான நேரத்துல பத்துது. பெற்றோல் எங்க அடிச்ச?"

"வவுனியாவில. வியாழக்கிழமை அரைத்தொட்டி அடிச்சனான்."

அவர் பெற்றோல் முள்ளைக் காட்டினார். "அரைத்தொட்டியில நூத்தைம்பது கிலோமீற்றர் ஓடியிருக்கீங்க. முள்ளு இன்னும் அரைக்குக் கிட்ட நிக்குதே அக்கா. உங்கட வான் பெற்றோல் குடிக்கிறதா, சுரக்கிறதா?"

மன்னாரில் பெற்றோல் அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சத்தம் வந்த கோபத்தில் அடியோடு மறந்துவிட்டேன். காலையில் இருந்து காதை மட்டும் வைத்திருந்தேன், கண்ணை வைத்திருக்கவில்லை.

ஜூட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நஸீர் தொட்டிக்குள் மெல்லிய குழாயை விட்டுக் கொஞ்சம் எடுத்து, பழைய கலண்டர்த் தாளில் இரண்டு சொட்டு விட்டார். பெற்றோல் என்றால் இந்த வெயிலில் இரண்டு நிமிடத்தில் தடம் தெரியாமல் காய்ந்துவிடும். மூன்று பேரும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஈரம் போனது. நடுவில் எண்ணெய்க் கறை வட்டமாக நின்றது.

"மண்ணெண்ணெய்" என்றார் நஸீர்.

"ஜூட்?"

"விடிய நீங்க படுத்திருக்கேக்க ஊத்தினனான் அக்கா. கேட்டா வேண்டாம் எண்டுவீங்கள். கான்ல பெற்றோல் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சத்துக்கு..."

"மிச்சத்துக்கு?"

"எங்கட இஞ்சின் பெற்றோல்ல ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலதானே ஓடுது. வானும் ஓடும் எண்டு நினைச்சன்."

நஸீர் சிரித்துச் சிரித்துப் படகு இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மன்னார்ல அந்த ஆள் இஞ்சின இறக்கச் சொல்லேக்க வாய்க்குள்ள என்ன வச்சிருந்தனி?"

"அப்பதான் எனக்கே சந்தேகம் வந்தது. பயத்தில நாக்கு எழும்பேல்ல. இறக்க முன்னம் சொல்லியிருப்பன். மாதா மேல ஆணை."

கத்தினேன். நன்றாகக் கத்தினேன். பக்கத்துக் கடையில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டான். ஒரு கட்டத்தில் எனக்குத் திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துபோனது. இருபது வருடமாக இந்த மனுசன் தருவதையெல்லாம் மறுத்திருக்கிறேன். மீன் தந்தால் காசு கொடுப்பேன். சோறு தந்தால் அரிசி கொடுப்பேன். எனக்கு ஒன்றைத் தருவதற்கு அவன் கள்ளனைப் போல விடியற்காலையில் எழும்ப வேண்டியிருந்திருக்கிறது.

தொட்டியை வடித்து, நல்ல பெற்றோல் நிரப்பினோம். நஸீர் ஆயிரத்து ஐந்நூறு ரூபா வாங்கினார். வடித்ததைக் கானில் ஊற்றி ஜூட்டின் கையில் கொடுத்தார். "உங்கட போட் சந்தோசமாக் குடிக்கும் மச்சான்." என்னிடம் திரும்பியபோது சிரிக்கவில்லை. "சத்தம் பொய்யில்ல அக்கா. இப்பிடியே வவுனியாவுக்கு மிதிச்சிருந்தா பிஸ்டன் உண்மையாவே ஓட்டை விழுந்திருக்கும்."

11.50. முள்ளிக்குளம் ரோட்டில் மூன்றாவது கியரில் அடிவரை மிதித்தேன். முதல் ஒரு கிலோமீற்றர் லேசாகக் கிணுகிணுத்தது. பிறகு இல்லை. ஜூட் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. றெஜினா வீட்டில் பாரை மீன் குழம்பும் சோறும். இந்த முறை நான் பையைத் திறக்கவில்லை. தந்ததைச் சாப்பிட்டேன். முற்றத்தில் இருந்து பார்த்தால் கடல் வெள்ளையாகக் கிடந்தது, கண் கூசியது.

திரும்பும் வழியில் ஜூட் கெஞ்சினான். "கலாவிட்டச் சொல்லாதேங்கோ அக்கா."

"சொல்லுவன்."

சொன்னேன். அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல காலம், வீட்டில தேங்காயெண்ணெய் முடிஞ்சு போச்சு. இல்லாட்டி அதையும் ஊத்தியிருப்பார்."

ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குப் பேசாலையில் இருந்து புறப்பட்டேன். ஜூட் ஒரு பார்சல் கருவாடு கொண்டுவந்தான். தருவதா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றான். "தா" என்றேன். எவ்வளவு என்று கேட்கவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

திங்கள் காலை பத்தொன்பது பிள்ளைகளும் ஏறினார்கள். வான் ஓடுகிறது. ஊரில் என் வானுக்குள் எனக்குத் தெரியாமல் இதுவரை ஒருவரும் ஒரு சொட்டும் ஊற்றியதில்லை. ஒருவரையும் நான் தர விட்டதில்லை, அதனால் இப்படி ஒரு பழுது எனக்கு இங்கே வந்ததே இல்லை. அதை என் கெட்டித்தனம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.