பெயர் இருக்க வேண்டிய கட்டம்

என் வீட்டுக்காரருக்குச் சாவி நகல் போடும் கடை. கடை என்றால் ஒரு பெஞ்சு, அரைக்கும் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். ஆளைப் பார்க்க மாட்டார், சாவியின் பல்லைத்தான் பார்ப்பார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், என் முகத்தையாவது நேராகப் பார்த்திருக்கிறாரா என்பது சந்தேகம்.

ஆனால் நோட்டு எழுதுவதில் புலி. ஒவ்வொரு சாவிக்கும் தேதி, பல் அளவு, எத்தனை நகல், கொண்டுவந்தவர் பெயர் என்று கட்டம் போட்டு எழுதுவார். "நாளைக்கு எங்கயாவது திருட்டு போனா, போலீஸ் முதல்ல நம்மகிட்டதான் வந்து நிக்கும்" என்பார்.

கொஞ்ச நாளாக வீட்டில் ஏதோ சரியில்லை. வேலை முடிந்து வந்தால், கவிழ்த்து வைத்த டம்ளர் நிமிர்ந்திருக்கும். நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். எதுவும் காணாமல் போகவில்லை. அவரிடம் சொன்னேன்.

"உனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுச் சாவியை அவர் முன்னால் போட்டேன்.

"இதோட பல்லை அளந்து உங்க நோட்டுல தேடுங்க. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

அலுத்துக்கொண்டே அளந்தார். ஐந்து எண்கள். பக்கம் பக்கமாகப் புரட்டியவரின் விரல் பிப்ரவரியில் நின்றது. அதே ஐந்து எண்கள், அவர் கையெழுத்திலேயே. நகல் ஒன்று. அதற்கு முந்தின நாள்தான் என் சாவி தொலைந்து, இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் கிடைத்தது. எங்கள் வீட்டுச் சாவியைத் தன் கையாலேயே யாருக்கோ அரைத்துக் கொடுத்திருக்கிறார் மனுஷன்!

பெயர்க் கட்டத்தைப் பார்த்தேன். 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தது.

"என்னங்க இது?"

"பழகின முகம்கிட்ட போய் பேர் கேட்டா தப்பா நெனைச்சுக்குவாங்கன்னு..." என்று இழுத்தார். புரட்டப் புரட்ட, பக்கத்துக்கு நாலைந்து தெரிந்தவர்கள்.

அன்றே பூட்டை மாற்றினார். இரண்டு பேருமே யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து, கதவைத் தாழிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"கடைக்கு ஒருத்தர் வந்தாரு. 'என்ன, வீட்டுப் பூட்டை மாத்திட்டீங்க போல'ன்னு கேட்டுச் சிரிச்சாரு."

"யாருங்க அது?"

முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தெரிஞ்சவர்தான்" என்றார்.