கப்பலில் போன ஹெவிவெயிட்

வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் எல்பர்ட் கேஸ்கின்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் அவனுடைய இடது கையைத்தான் சொல்வார்கள். அவ்வளவு பெரிய உடம்பில் அந்தக் கை மட்டும் பூனை மாதிரி பாயும். மாடி ஜிம்மில் அவன் பயிற்சி மூட்டையைக் குத்தினால், கீழே ராஸ்கோவின் முடிவெட்டும் கடையில் கண்ணாடி அதிரும். அறுபதுகளின் தொடக்கம் அது. குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டம் எங்கள் தெருவுக்குத்தான் என்று எல்லோரும் நம்பினோம். சண்டைகளில் அவனுக்கு வாளியும் துண்டும் பிடித்தவன் நான்.

ஒரே ஒரு சிக்கல். விமானம் ஏற மாட்டான். சிகாகோ என்றால் ரயில், டெட்ராய்ட் என்றால் பஸ். அப்போது லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஜெயித்தால் அடுத்தது பட்டத்துக்கான சண்டை.

பயிற்சியாளர் வெண்டல் ப்ரூயிட் கெஞ்சினார். “டேய், ஒரு மாத்திரைய போட்டுட்டுத் தூங்கு. கண்ண முழிச்சா லண்டன்.”

“கண்ண முழிச்சா கடல்ல கிடந்தா என்ன பண்றது, வாத்தியாரே?”

“பக்கத்துல நான் இருக்கேன்ல?”

“உங்களுக்கு நீச்சலே தெரியாதே!”

ஆகவே கப்பல்.

முதல் நாள் மேல்தளத்தில் அவனை ஓடவிட்டார் வெண்டல். மறுநாள் அலை எழும்பியது. வெண்டல் வாந்தியெடுத்துப் படுத்தவர் எழவேயில்லை. எல்பர்ட்டுக்கோ குமட்டல்கூட வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எவ்வளவு கேட்டாலும் கொடுத்தார்கள். குத்துச்சண்டைக்காரன் என்று தெரிந்ததும் சமையல்காரரே வந்து பரிமாறினார். நான் தட்டைப் பிடுங்கிப் பார்த்தேன்.

“மனுஷன் ஆசையா வைக்கிறாரு, எப்படிடா வேணாங்கிறது?” என்றான். “ஹெவிவெயிட்டுக்கு எடை ஏறக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?”

சட்டம் இல்லைதான்.

கரை இறங்கும்போது வெண்டல் எலும்பாகியிருந்தார். எல்பர்ட்டைப் பார்த்ததும் என்னிடம் கேட்டார்: “யாருடா இது, அவனோட பெரியண்ணனா?”

எதிராளி ரெஜ் டான்ஸ்லி. முதல் இரண்டு சுற்றிலும் எல்பர்ட்டின் இடது கை அவனை இருமுறை தரையில் உட்கார வைத்தது. அரங்கமே எழுந்து நின்றது. நான்காவதில் மூச்சு வாங்கி எல்பர்ட்டின் வாய் திறந்தது. ஆறாவதில் கை தொங்கியது. அடுத்த மணி அடித்தபோது ஸ்டூலைவிட்டு அவன் எழவில்லை.

“எழுந்திருடா!”

“மூச்சு இன்னும் கப்பல்லயே இருக்கு, வாத்தியாரே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடை மாற்றும் அறையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் குலுங்கிக் குலுங்கி அழுதான். திட்டத் தயாராக வந்த வெண்டல், குனிந்து அவனுடைய ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

பட்டச் சண்டை டான்ஸ்லிக்குப் போனது. எல்பர்ட் சில வருஷம் ரயில் போகிற ஊர்களில் மட்டும் சண்டை போட்டான், பெரும்பாலும் ஜெயித்தான். பிறகு லொரீனைக் கட்டிக்கொண்டு, நகரப் பேருந்தில் டிரைவரானான்.

ஒருநாள் முடி வெட்டும்போது ராஸ்கோ கேட்டார். “நிஜத்த சொல்லு. ப்ளேன் ஏறியிருந்தா சாம்பியன் ஆயிருப்பியா?”

“ஆயிருப்பேன்.”

“அப்புறம் ஏன்யா ஏறல?”

“பயம்ணே. எதிர்ல ஒருத்தன் நின்னா எங்க குத்தணும்னு தெரியும். வானத்துல யாரக் குத்துறது?”

கடையே சிரித்தது. அவனும்தான். வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.