பேரி மரத்தை வெட்டச் சொன்ன பாய்

வெள்ளனே பூண்டு மூட்டையை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். மரக் கமிட்டித் தலைவி டீச்சர் போன் செய்தார். "அக்கா, நம்ம காதர் பாய் தவறிட்டாருங்க" என்றார். பஜாரில் தைலக்கடை வைத்திருந்த பாய்தான். நகராட்சி மரக் கமிட்டியில் என் பக்கத்து நாற்காலிக்காரர். இறக்கிய மூட்டையை மறுபடி வண்டியில் ஏற்றினேன். அன்றைக்குக் கடை போடவில்லை.

அவரோடு பழகியவர்கள் கொடைக்கானலில் நிறையப் பேர். அவரோடு பேச்சை நிறுத்தியவள் நான் ஒருத்திதான். அதனால் என் பங்குக்கும் எழுதவேண்டியிருக்கிறது.

கமிட்டி என்றதும் பெரிய அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மரத்தை வெட்டக் கேட்டு யாராவது மனுக் கொடுத்தால் நாங்கள் போய்ப் பார்ப்போம். வெட்டலாமா, கிளையை மட்டும் கழித்தால் போதுமா என்று நகராட்சிக்குச் சொல்வோம். அவ்வளவுதான். ரோட்டோரம் கடை போடுகிறவர்கள் சார்பில் என்னைச் சேர்த்திருந்தார்கள். முதல் நாள் மரத்தடிக்குப் போனதுமே, வெட்டக் கூடாது என்று சத்தம் போட்டேன். பாய் கையமர்த்தினார். "மொதல்ல அண்ணாந்து பாருங்கக்கா. பொறவு பேசுவோம்" என்றார். பார்த்தேன். உச்சிக் கிளை பட்டுப்போய், அடுத்த காற்றுக்கு விழுகிற மாதிரி தொங்கியது. இரண்டடி தள்ளி நின்றேன்.

"நாம சொல்ற ஆளுக, வெட்டுற ஆளுக இல்ல. சொல்றதையாவது சரியாச் சொல்லிருவோம்" என்பார் அடிக்கடி.

அந்தச் சரி ஒரு நாள் என் வாசலுக்கே வந்தது. பூண்டியிலிருந்து நாங்கள் டவுனுக்கு வந்த வருஷம் என் வீட்டுக்காரர் ரோட்டோரம் நட்ட பேரி மரம். அவர் போன பிறகும் காய்த்தது. அடிமரத்தில் பொந்து விழுந்திருக்கிறது, வெட்டுங்கள் என்று மனு வந்தது. என் மரம் என்பதால் எனக்கு ஓட்டு இல்லை. மற்றவர்கள் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். மிச்சம் பாய் ஒருவர்தான்.

"எம் புருசன் வச்ச மரம், பாய்" என்றேன்.

"தெரியும்கா. அதுல பழம் தின்னவன் நான். ஆனா கீழ பள்ளிக்கூடத்துப் பிள்ளைக நடக்குதுகளே" என்று சொல்லி, வெட்டுவதற்குக் கை தூக்கினார்.

வெட்டினார்கள். உள்ளே பாதி நல்லாத்தான் இருந்தது. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் "சோறு தின்னீங்களாக்கா?" என்று கேட்பார். நான் டீச்சர் பக்கம் திரும்பிப் பதில் சொல்வேன். ஒரு மரத்தைப் பார்க்கப் போன இடத்தில் சாரல் பிடித்தது. தன் குடையை என் தலைக்குப் பிடித்துவிட்டு அவர் நனைந்தார். "குடை நல்ல குடைன்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

பிறகு பஸ் ஸ்டாண்ட் செண்பக மரத்துக்கு மனு வந்தது. அதை வெட்டிவிட்டால் கார் நிறுத்தலாமாம். அதன் நிழலில்தான் எங்கள் கடைகள். மரம் போனால் நாங்களும் போகவேண்டியதுதான். அதிலும் எனக்கு ஓட்டு இல்லை. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு பாய் மரத்தடிக்கு வந்தார். அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "பட்ட கிளையக் கழிச்சாப் போதும். மரம் நிக்கட்டும்" என்று முதல் ஆளாகக் கை தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். மரம் நின்றது.

"இப்பவாவது பேசலாமாக்கா?" என்றார்.

"இது வேற மரம்னு சொல்லுங்க டீச்சர்."

இருமல் வரும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மௌத்து வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா, அக்கா பேசுனாங்களான்னு கேப்பேன். அடுத்த கூட்டத்துல பேசிருவாங்கம்பாரு" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த கூட்டமும் வந்தது. ஏரிக்கரையில் ஒரு மரம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பேரி மரத்துக் கோபமும் அப்படியே கிடக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கிளையெல்லாம் பச்சையாக இருந்தது. "இது நிக்கட்டும், பாய்" என்றேன், டீச்சர் பக்கம் திரும்பாமல்.