பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த சனிக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை, பெருங்களத்தூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது பியூலா மிஸ்ஸின் கணவர் டேனியல் சார் போனில் கூப்பிட்டார். "சுமதி மிஸ், பியூலா போயிட்டா" என்றார். "எங்க சார்?" என்று கேட்டேன். முந்தின நாள் மாலைதான் பியூலா மிஸ்ஸை வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தேன். செங்கல்பட்டு பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அதன் இரைச்சல் அடங்கிய பிறகுதான் அவர் அழுவது கேட்டது. சர்ச்சுக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டிருந்தவர், கட்டிலில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

பியூலா மிஸ்ஸைப் பற்றி நம் பள்ளிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புத்தகத்தைத் திறக்காமல் கரும்பலகையில் ஆப்பிரிக்காவை வரைவார். ஒன்பதாம் வகுப்பு கத்தும்போது அவர் குரலைத் தாழ்த்துவார். வகுப்பு தானாக அடங்கும். நான் சொல்ல நினைப்பது நீங்கள் பார்க்காத பியூலா மிஸ்ஸை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோது, வாரநாட்களில் டேனியல் சார் கூடப் போனார். சனிக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் அவருக்கு ஷிப்ட். "நான் வரேன் மிஸ்" என்றேன். "வந்து என்ன பண்ணுவீங்க? அங்க ஒரு வேலையும் இல்ல" என்றார். அது உண்மைதான் என்று முதல் நாளே தெரிந்தது.

அன்று அவர் கைப்பையிலிருந்து ஒரு சாம்பல் நிற வீடியோ கேம் வெளியே வந்தது. கையடக்கமானது, பழுப்பேறியது. அவர் பள்ளிக்கூடம் படித்தபோது அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்ததாம். மேலிருந்து விழும் கட்டைகளை வரிசையாக அடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. புத்தகம் படித்தால் தலை சுற்றும். தலையணை மேல் அதை வைத்து மறு கையின் விரல்களை மட்டும் அசைத்து ஆடலாம். "நர்ஸ் பாத்து சிரிக்குது. சிரிக்கட்டும். இந்தக் கட்டைய அடுக்கும்போது அந்த மிஷினு கண்ணுல படாது" என்றார்.

பேட்டரி போடும் இடம் எப்போதோ கசிந்து துருப்பிடித்திருந்தது. அடாப்டரில் மட்டும்தான் ஓடும். அந்த அடாப்டரின் பிளக் நுழையும் ஓட்டையான ஜாக்கும் ஆடத் தொடங்கியிருந்தது. ஒயர் சற்று அசைந்தாலும் திரை அணைந்துவிடும். கட்டிய வரிசையெல்லாம் போய்விடும். பிளக்கை லேசாகத் தூக்கி, இடப்பக்கமாக அழுத்திப் பிடித்தால் ஓடும். அதைப் பிடிப்பது என் வேலையானது. "அப்படியே புடிச்சிக்கோங்க மிஸ். மூச்சு மட்டும் விட்டுக்கலாம்" என்பார். மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டை விரல் மரத்துப்போகும். ஆனாலும் அந்தச் சனிக்கிழமைகளில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது.

ஒரு சனிக்கிழமை, ஆடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "மிஸ், காது அடைக்குது" என்றார். உதடு வெளுத்தது. இயந்திரம் கத்தியது. நர்ஸ்கள் ஓடிவந்து தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் காலை உயர்த்தினார்கள். ஒருவர் கன்னத்தைத் தட்டி "பியூலா, பியூலா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது என்று பிறகுதான் சொன்னார்கள். அவர் கண் திறந்தபோது நான் அந்தப் பிளக்கை அழுத்திப் பிடித்தபடியே நின்றிருந்தேன். திரையில் கட்டைகள் உச்சிவரை குவிந்து ஆட்டம் முடிந்திருந்தது. "விடுங்க மிஸ்" என்றார். விரலைப் பிரிக்க வரவில்லை.

அதற்கடுத்த வாரம் அதைச் சரிசெய்தே தீருவது என்று இறங்கினேன். பிசிக்ஸ் லேபில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு நானும் அவரும் உட்கார்ந்தோம். அதன் திருகுகள் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு மசியவில்லை. ஸ்டேஷன் பக்கத்து மொபைல் கடையில் அதற்கானதை இரவல் வாங்கி வந்தேன். உள்ளே பார்த்தால், ஜாக்கின் கால் சர்க்யூட் பலகையோடு சேரும் இடத்தில் ஈயத்தைச் சுற்றி முடி அளவு விரிசல். பழைய ஈயத்தை உருக்கி எடுத்துப் புதிதாக வைத்தேன். திரை ஒளிர்ந்தது. ஒயரை ஆட்டிப் பார்த்தார். அணையவில்லை. "பெரிய ஆளு மிஸ் நீங்க" என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

சில வாரங்களில் மறுபடி அணைந்தது. இந்த முறை பலகையிலிருந்த செம்புப் பட்டையே பெயர்ந்து வந்திருந்தது. என் சூடும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தாம்பரம் மார்க்கெட்டில் கடைகடையாக ஏறினேன். "இதுக்கெல்லாம் ஜாக் இப்ப வர்றதில்ல மேடம். புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். பியூலா மிஸ்ஸிடம் சொன்னேன். "கெட்டுப்போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம் மிஸ். இப்டி பாதி வேலை செய்யுது பாருங்க, அதுதான் பேஜார்" என்றார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் ஜாக்கையே எடுத்துவிட்டு, அடாப்டர் ஒயரை அந்த ஓட்டை வழியாக நுழைத்துப் பலகையில் நேராகப் பற்றவைத்தேன். இனி கழற்ற முடியாது, ஆனால் அணையாது. வாலோடு நின்ற அதைப் பார்த்து அவர் நன்றாகச் சிரித்தார். பிறகு, "பாவம். என்னையாவது சாயங்காலம் கழட்டி விட்டுடுறாங்க" என்றார்.

ஜாக் இல்லாமல் போனதும் என் கைக்கு வேலை இல்லாமல் போனது. சும்மா உட்கார்ந்து இயந்திரத்தில் ரத்தம் சுற்றுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. டேனியல் சாரின் சிறுநீரகம் பொருந்தவில்லை. காத்திருப்போர் வரிசை நகரவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் டாக்டரைப் பார்த்து, நான் கொடுக்கலாமா என்று கேட்டேன். உறவு இல்லாதவர் கொடுப்பது சுலபமில்லை என்றார். எனக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பேச்சு அங்கேயே முடிந்தது.

அது எப்படியோ பியூலா மிஸ் காதுக்குப் போய்விட்டது. கத்தும் வகுப்பை அடக்கும் அந்தத் தாழ்ந்த குரலில், "யாரக் கேட்டு போனீங்க?" என்றார். நான் அவர் போர்வையைச் சரிசெய்யப் போனேன்.

"உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா உங்க பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க, அது போதும். அந்தப் பக்கம் படுக்கணும்னு நெனைக்கவே கூடாது."

"வேற என்ன பண்றதுன்னு தெரியல மிஸ்."

"தெரியாட்டி ஒன்னும் பண்ணாதீங்க."

அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. கேமைக் கையிலும் எடுக்கவில்லை. இறங்கும்போது மட்டும், ஆட்டோவுக்கு வெளியே நின்று, "அடுத்த வாரம் வருவீங்கல்ல?" என்று கேட்டார்.

அடக்கம் முடிந்து அவர்களுடைய பீர்க்கன்கரணை வீட்டுக்குப் போயிருந்தேன். டேனியல் சார் அந்த கேமை என்னிடம் நீட்டினார். "நீங்களே வச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு, எப்படி ஆடுவது என்று காட்டிக்கொடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், புரிந்ததா என்று தெரியவில்லை.

பியூலா மிஸ்ஸின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் என்மேல் பட்ட கோபம் இருக்கிறது. பிழைக்க ஒரு வழி கிடைத்தால் போதும் என்று கிடந்த ஒருவர், அந்த வழி என் உடம்பிலிருந்து வரக்கூடாது என்று கோபப்பட்டார். அதை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன்.