உள்ளங்கைப் புள்ளிகள்

சிம்பாங் அம்பாட் ஊர் பின்னால் போய்விட்டிருந்தது. தகரப் பெட்டியைத் தோள் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு மலாக்கா டவுனுக்கு நடந்தேன். பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகாதவனுக்குத் தோட்டத்து லயத்தில் அறை கிடையாது என்று கங்காணி அன்று காலையில் சொல்லியிருந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கண்ணும் தோலும் மஞ்சளாகி, சோறு கண்டாலே குமட்டிக்கொண்டு நான் படுத்துக் கிடந்தது உண்மைதான்.

வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மஞ்ச பூசிக்கிட்டு எந்த ஊருல கல்யாணம்?" என்றார். சிரித்தால் விலாவுக்குக் கீழே வலித்தது.

அதுவரை லயத்துக்காரர்கள் என்னைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. உப்பை நிறுத்தினார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். காமாலைக்கு மந்திரிக்கிற பெரியவர் மாம்பட்டைச் சாற்றை என் கைகளில் தேய்த்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார். கிண்ணத்துத் தண்ணீர் மஞ்சளாக மாறியது. நோய் இறங்குகிறது என்று சுற்றி நின்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். பட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் யார் கையிலும் மஞ்சளாகும் என்று அப்போது தெரியாது. பலமுறை கழுவினேன். எல்லோரும் தண்ணீரையே பார்த்தோம். என் உள்ளங்கைகளில் செம்பு நிறத்தில் புள்ளிகள் இருந்தன. ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைக்கும் திராவகம் பட்டால் கை இப்படித்தான் ஆகும் என்று நானும் மற்றவர்களும் விட்டுவிட்டோம்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணை இழுத்துப் பார்த்தார், வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினார், பிறகு கையை விரிக்கச் சொன்னார். திராவகம் என்றேன். அவர் குனிந்து என் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். அங்கும் அதே புள்ளிகள்.

"திராவகத்திலே நடந்தனீரோ?" என்றார்.

முன்பு மறைவிடத்தில் புண் வந்ததா என்று கேட்டார். வந்தது, வலிக்கவில்லை, தானாகவே ஆறியது என்றேன். ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, என்னை வார்டில் படுக்கவைத்தார். முடிவு வந்த அன்று கட்டிலருகே வந்து, அந்தப் புண்ணோடு வந்த மேகநோய், அதாவது சிபிலிஸ், ஈரலைப் பிடித்துவிட்டது, இது வெறும் காமாலை இல்லை என்றார்.

அதற்கு நரம்பில் போடும் பாஷாண ஊசி, ஆர்செனிக் மருந்து, இருந்தது. ஆனால் அந்த மருந்து சிலருக்கு ஈரலையே கெடுத்துவிடும். போடாவிட்டால் நோய் தின்றுவிடும். இதை அவர் மறைக்கவில்லை. முதலில் இடுப்பில் வேறு ஊசி போட்டுப் பார்த்து, பிறகு பாஷாணத்தைக் கொஞ்சமாகத் தொடங்கினார். அடுத்த கட்டில் சீன ரிக்‌ஷாக்காரருக்கு அந்த ஊசியாலேயே மஞ்சள் கண்டிருந்தது. ஒருநாள் அவர் கட்டில் காலியாக இருந்தது. எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. தினமும் என் சிறுநீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கருந்தேநீர் போல இருந்தது மெல்லத் தெளிந்தது. பசியும் வந்தது.

வெளியே அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "மஞ்சள் போனவுடனே எல்லாரும் ஓடிப்போயிடுவினம். நோய் உள்ளுக்கே கிடக்கும். ஊசிக்கு வாராவாரம் வாரும்."

எத்தனை மாதம் என்று கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம் என்றார். ஓர் ஊரில் நான் அவ்வளவு காலம் இருந்ததே இல்லை. வாசலில், மூவார் பக்கம் புதுத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ஒருவர், லாரி மறுநாள் விடிந்ததும் புறப்படும், வா என்றார். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வாசலிலேயே பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. லாரியின் ஹாரன் கேட்டபோது விழித்துத்தான் இருந்தேன்; எழுந்திருக்கவில்லை.

காலையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்களின் சாக்கடைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலையில் சேர்ந்தேன். வாளியில் கலக்கியபோது கையில் தெறித்தது. கழுவிவிட்டு, இந்த முறை தண்ணீரைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். புள்ளிகள் மங்கியிருந்தன. போய்விடவில்லை.